நோட்டில் இல்லாத சொல்

அத்தியாயம் 9

ஷாஜன் தரையில் கிடந்தான்.

பெமிலா சாயாவும் கையுமாக அறைக்குள் வந்தபோது மணி ஆறேகால். பின்பக்கத்து ரப்பர் மரங்களுக்கு மேலே அப்போதுதான் வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடைவெளியில் அவன் ஒருக்களித்துக் கிடந்தான். விளங்காமல் போன வலது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. இடது கையால் வெறும் தரையைத் தடவித் தடவி எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

அவளைப் பார்த்ததும், "கிரவாத்கா," என்றான்.

புதன்கிழமை தொடங்கிய வார்த்தை அது. இன்று வெள்ளி. கட்டிலைப் பற்றி ஏதோ சொல்கிறான் என்று நினைத்து, அதைச் சுவரை ஒட்டித் தள்ளிப் பார்த்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் தலையை ஆட்டி, "நியெத்," என்றான். நியெத் என்றால் இல்லை, வேண்டாம். அது அவளுக்குத் தெரியும்.

குரல் கொடுத்ததும் மகள் ஜாஸ்மி ஓடி வந்தாள். நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறவள்; ஆளைத் தூக்குகிற விதம் தெரியும். இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். நெற்றியில் தோல் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. ஜாஸ்மி பஞ்சு வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவன் மறுபடியும் அந்த வார்த்தையைச் சொன்னான். அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு அவசரமாக மருந்தைத் தடவிப் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிப் போனாள். சாயாகூடக் குடிக்கவில்லை.

பெமிலா அதைக் கவனித்தாள். ஆனால் காலை வேளையில் அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரம் இல்லை.

ஷாஜன் வந்து நாலு மாதம் ஆகிறது. ருஷ்யாவின் வடக்கே, கடலே உறைந்துபோகிற ஒரு துறைமுக ஊரில், கப்பல் பட்டறையில் வெல்டராகப் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான். அருமனைக்குப் பக்கத்தில் இந்த மாடி வீட்டைக் கட்டினான். ஜாஸ்மியைப் படிக்க வைத்தான். தினமும் பத்து நிமிஷம் போனில் பேசுவான். கடைசியாக வந்து போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே சரிந்து விழுந்தான். மண்டைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள். சக்கர நாற்காலியில் வைத்து, கூட ஓர் ஆளையும் அனுப்பி, திருவனந்தபுரத்தில் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள்.

வலது பக்கம் போயிருந்தது. அது மட்டும் இல்லை, தமிழும் போயிருந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டால் வெறிக்கப் பார்த்தான். சாகிற மட்டும் மறக்காது என்று நினைத்த ஜெபத்தைக் காதுக்குப் பக்கத்தில் சொன்னபோதும் அதே பார்வைதான். வாயைத் திறந்தால் ருஷ்யன். அதுவும் முழுதாக இல்லை. சில பொருள்களின் பெயர்களும் இல்லை, கொடு, குளிர் என்கிற மாதிரிச் சில சொற்களும். முதல் வாரத்தில் ஜெபிக்க வந்த பெந்தெகொஸ்தே சபைக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, இது அந்நிய பாஷை வரம், ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று கையை உயர்த்தி அழுதார். பெமிலாவுக்கு அவரைத் திருத்த மனம் வரவில்லை.

நாகர்கோவில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். இரண்டு மூன்று பாஷை பேசுகிறவர்களுக்குச் சில சமயம் இப்படி ஆவது உண்டு. விழுவதற்கு முன்னால் நாள் முழுக்க எந்தப் பாஷையில் இருந்தார்களோ, அது தப்பித்துக்கொள்ளும். மற்றது போய்விடும். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.

நாள் முழுக்க என்ற வார்த்தை பெமிலாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது. பட்டறையில் கேரளாக்காரர்கள், தூத்துக்குடிக்காரர்கள் எல்லாம் கூடவே இருக்கிறார்கள் என்று சொன்னானே. அப்புறம் நாள் முழுக்க யாரோடு ருஷ்யன் பேசினான்?

கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை. அதனால் அந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு, அவனுக்குத் தேவையான சொற்களைப் படிக்கத் தொடங்கினாள்.

வழிகாட்டினவள் ரிஃபா. தேங்காப்பட்டணத்துப் பெண். ருஷ்யாவில் ஆறு வருஷம் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து, இங்கே எழுத வேண்டிய பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டே மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். ஸ்கேனுக்குக் கொண்டுபோன அன்று ஷாஜன், "வதா, வதா," என்று முனகிக்கொண்டிருந்தான். யாருக்கும் புரியவில்லை. அந்தப் பக்கமாகப் போன ரிஃபா நின்று பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் வெள்ளம் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பெமிலா மறக்கவில்லை.

அன்று முதல் ரிஃபா வாட்ஸாப்பில் நாளுக்கு நாலைந்து சொல் அனுப்பினாள். பெமிலா கேட்டுக் கேட்டு, நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டாள். பதினாறு வருஷம் எல்கேஜி டீச்சராக இருந்தவள். அதே பழக்கத்தில் துண்டுக் காகிதங்களில் எழுதி அறை முழுக்க ஒட்டினாள். ஜன்னலில் அக்னோ. கதவில் த்வேர். தலையணை பதூஷ்கா. போர்வை அதியாலா. டம்ளர் ஸ்தகான். நாற்காலி ஸ்தூல், மேஜை ஸ்தோல்; இந்த இரண்டும் இன்னும் அவளைக் குழப்பிக்கொண்டிருந்தன. சாவி க்ளூச். அலமாரி ஷ்காஃப். உடம்பு துடைக்கிற துவர்த்துக்கு மட்டும் வாயில் நுழையாத நீளப் பெயர். சாயாவுக்குச் சாய் என்று சொன்னபோது சிரிப்பு வந்தது. அந்த நாலு மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கட்டிலுக்குக் கிரவாத். கட்டில் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது. ஆனால் மூன்று நாளாக அவன் கேட்பது கிரவாத் இல்லை.

ரிஃபா பதினொரு மணிக்கு ஸ்கூட்டரில் வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு நேராக அறைக்குப் போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். பெமிலா சாயாவோடு வாசற்படியில் நின்றாள்.

ஷாஜன் ஒவ்வொரு சொல்லாகச் சிரமப்பட்டு வெளியே தள்ளினான். கிரவாத்கா. அக்னோ. இன்னொரு சொல்: ஹோலத்னா. குளிர் என்று பெமிலாவுக்குத் தெரியும். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைசியில் அவள் இதுவரை கேட்டிராத ஒரு சொல். மித்யா. அதைச் சொல்லும்போது அவன் முகம் கோணிக்கொண்டு அழுகைக்குப் போயிற்று.

ரிஃபா அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். கட்டில் அவருக்கு வசதியாக இல்லை போல, ஜன்னலிலிருந்து குளிர் அடிக்கிறது என்கிறார் என்று சொன்னாள். சொல்லும்போது பெமிலாவைப் பார்க்கவில்லை. சாயா டம்ளரைப் பார்த்துச் சொன்னாள்.

பொய் சொல்கிற எல்கேஜி பிள்ளைகளைப் பதினாறு வருஷம் பார்த்தவளுக்கு அது போதுமாக இருந்தது.

"டாக்டர், போன மாசம் நீங்க ஒண்ணு சொல்லித் தந்தீங்க. கரண்டிக்கு லோஷ்கா. சின்னக் கரண்டிக்கு லோஜிச்கா. சின்னதா, செல்லமா சொல்லணும்னா ஒரு வால் ஒட்டுவாவன்னு சொன்னீங்க. நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

ரிஃபா கையை நீட்டிச் சாயாவை வாங்கிக்கொண்டாள்.

"கிரவாத் கட்டில். அப்பம் கிரவாத்கா சின்னக் கட்டில்தானே?"

வெளியே மழை வலுத்தது. ரிஃபா டம்ளரை மேஜையில் வைத்தாள். என்னிடம் எதையும் கேட்காதீர்கள், அவர் ஒரு நோயாளி, அவருக்கு என்ன ஞாபகம், என்ன கனவு என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள். பெமிலா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"மித்யாங்கது ஆம்பிளப் பேரா, பொம்பிளப் பேரா? இது ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"ஆம்பிளப் பிள்ளைக்க பேரு அக்கா," என்றாள் ரிஃபா மெதுவாக. "வீட்டுல கூப்பிடுத பேரு."

அப்புறம், தேற்றுவதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றையும் சொன்னாள். ஜாஸ்மிக்குத் தெரியுமே, உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் ஒரு ருஷ்யன் மெசேஜை அனுப்பி அர்த்தம் கேட்டாளே.

சொல்லி முடித்ததும் பெமிலாவின் முகத்தைப் பார்த்து, தான் செய்த தப்பு ரிஃபாவுக்குப் புரிந்துவிட்டது. மழை விடுகிற மட்டும்கூட அவள் இருக்கவில்லை.

அதற்கப்புறமும் வீட்டு வேலைகள் வழக்கம்போலவே நடந்தன. பன்னிரண்டரைக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும், கொடுத்தாள். வாயோரத்தில் வழிந்ததைத் துடைத்தாள். சிறுநீர்ப் பையை மாற்றினாள். முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். நெற்றியில் காலையில் போட்ட பிளாஸ்டர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தபோது மார்த்தாண்டத்தில் ஒரு நகைக்கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனான். கூட வேலை பார்க்கிற கொல்லத்துக்காரனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, வெள்ளியில் ஓர் அரைஞாண் வாங்க வேண்டும், எனக்கு இதெல்லாம் தெரியாது, நீயே எடு என்றான். பெமிலா பத்துப் பதினைந்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் தோலில் உரசாத மாதிரி வழவழப்பான ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பிள்ளை வளர வளர இளக்கிவிட ஏதுவாகக் கூடுதல் வளையங்கள் வைக்கச் சொன்னதும் அவள்தான்.

முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும் துடைத்தாள்.

ஜாஸ்மி நாலரை மணிக்கு வந்தாள். நனைந்த குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தவள், சாப்பாட்டு மேஜையில் அம்மா உட்கார்ந்திருந்ததையும், முன்னால் அப்பாவின் போன் இருந்ததையும் பார்த்தாள். ஷாஜனின் பையோடு வந்த போன் அது. பூட்டிக் கிடக்கிறது, திறக்க முடியவில்லை என்று ஜாஸ்மிதான் சொல்லி அலமாரியில் வைத்திருந்தாள். நாலு மாதம் சும்மா கிடந்ததாகச் சொன்ன போனில் சார்ஜ் நிறைய இருந்தது.

"அப்பாக்க எந்த விரல வச்சா இது திறக்கும்?"

ஜாஸ்மி குடையைக் கீழே வைத்தாள்.

"வலது கை பெருவிரல்," என்றாள்.

இரண்டு பேரும் அறைக்குப் போனார்கள். ஷாஜன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். உயிரில்லாத அந்த வலது கையை ஜாஸ்மி தூக்கி, பெருவிரலைப் போனில் வைத்தாள். திறந்துகொண்டது.

முதல் படத்தில் ஒரு பெண். முப்பத்தைந்து வயசு இருக்கும். வெளுத்த முகம், சோர்ந்த கண்கள், கழுத்து வரை வெட்டின தலைமுடி. அடுத்த படத்தில் குளியல் தொட்டியில் ஒரு பையன். சோப்பு நுரைக்கு மேலே இடுப்பில் வெள்ளி அரைஞாண். நாலு வளையம் இளக்கி விட்டிருந்தது.

பெமிலா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சாப்பாட்டு மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டு, முழுவதையும் சொல்லச் சொன்னாள்.

ஜாஸ்மி நின்றுகொண்டே சொன்னாள். அப்பா வந்த இரண்டாவது வாரம் போனைத் திறந்து பார்த்தாள். அந்தப் பெண் பெயர் நீனா. எங்கே இருக்கிறாய், ஏன் பதில் இல்லை, ஆஸ்பத்திரியில் கேட்டால் ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று நூறு மெசேஜ் வந்து கிடந்தது. போனிலேயே தமிழாக்கிப் படித்தாள். படித்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்ததுகூட அன்றுதான். மறுநாள் ஒரு வரி எழுதி, அதை ருஷ்யனாக்கி அனுப்பினாள்.

"என்னண்ணு எழுதின?"

"நான் உறவுக்காரப் பொண்ணு, ஷாஜன் மரிச்சுப் போயிட்டாருண்ணு எழுதினேன்."

சமையலறையில் குக்கர் சீறிவிட்டு அடங்கியது. யாரும் எழுந்து போகவில்லை.

அதோடு முடிந்துவிடும் என்று ஜாஸ்மி நினைத்திருந்தாள். முடியவில்லை. செத்தவன் நம்பருக்கு அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பையனின் படம் ஒன்று வரும். ஜாஸ்மி பார்ப்பாள், பதில் போட மாட்டாள். ஒரே ஒரு வரி மட்டும் புரியாமல் ரிஃபாவிடம் கேட்டாள். 'உன் பக்கத்துத் தலையணையை இன்னும் எடுக்கவில்லை' என்று ரிஃபா அர்த்தம் சொன்னாள். போன செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி மெசேஜ் வந்தது. விமான டிக்கெட்டின் படம். அடுத்த மாதம் பதினாலாம் தேதி திருவனந்தபுரம். பையனுக்கு அப்பாவின் கல்லறையைக் காட்ட வேண்டும், எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள்.

"உசிரோட கெடக்குத மனுசனுக்குக் கல்லறை எங்கேட்டி காட்டுவ?" என்றாள் பெமிலா.

"ஒனக்காக்கும் செஞ்சேன்மா. ராப்பகலா பீயும் மூத்திரமும் அள்ளிக்கிட்டு, அந்தச் சொல்லு இந்தச் சொல்லுண்ணு ஒட்டி வச்சுக்கிட்டுக் கெடந்த. இது தெரிஞ்சா நீ செத்துப் போவேண்ணு நெனச்சேன்."

"நான் சாவாண்டாம்ணு அவரைச் சாவடிச்சிட்ட."

ஜாஸ்மி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அடி விழும் என்று எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. பெமிலாவின் கை மேஜையில் அப்படியே கிடந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் மகள் ஒவ்வொரு வழியாகச் சொல்லிப் பார்த்தாள். நம்பரை பிளாக் செய்துவிடலாம். சிம்மை உடைத்துப் போடலாம். ஊர் பெயர் தெரியாமல் அவளால் எங்கே வந்து தேட முடியும்? நாலு நாள் அழுவாள், அப்புறம் விட்டுவிடுவாள். சபையில் ஒரு குஞ்சுக்கும் தெரியப் போவதில்லை.

அதெல்லாம் நடக்கக்கூடியதுதான் என்று பெமிலாவுக்குத் தெரிந்தது. இவ்வளவு சுலபமான வழி அவளுக்கு இனி கிடைக்கப் போவதும் இல்லை. ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். தலைகுனியாமல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகலாம். புருஷனைப் பார்த்துக்கொள்கிற பொறுமைசாலி என்று பெயரும் மிஞ்சும்.

ஆனால் விடிந்தெழுந்தால் அவன் தரையைத் தடவிக்கொண்டு கிடப்பான். இல்லாத ஒரு சின்னக் கட்டிலைத் தேடுவான். அவன் எதைத் தேடுகிறான் என்று தெரிந்துகொண்டே தினமும் அவனைத் தூக்கிக் கட்டிலில் போட வேண்டும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் பெண்ணின் முகத்தை நேருக்கு நேர் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்கிற ஆத்திரம். இரண்டில் எது தன்னை எழுப்பியது என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது.

எழுந்தாள். போனை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

"கூப்பிடு," என்றாள் மகளிடம். "முகம் தெரியுத மாதிரி கூப்பிடு. ஒனக்க போன்ல அவ பேசுகத தமிழாக்கு."

ஷாஜன் விழித்திருந்தான். மணி அடித்தது. மூன்றாவது மணியில் அந்தப் பெண் எடுத்தாள். யாரோ அந்த நம்பரிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றுதான் எடுத்திருப்பாள். பெமிலா தன் முகத்தைக் காட்டவில்லை. போனைக் கட்டிலுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

திரையில் முகம் போய்க் கூரை தெரிந்தது. போன் கீழே விழுந்திருந்தது. எங்கோ ஒரு பெண் மூச்சு முட்டி அழுகிற ஓசை கேட்டது. மீண்டும் முகம் வந்தபோது கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"நீனா," என்றான் ஷாஜன்.

நாலு மாதத்தில் மித்யாவைத் தவிர அவன் வாயிலிருந்து வந்த ஒரே பெயர் அது. பெமிலா என்று ஒரு நாளும் அவன் சொல்லவில்லை.

அவனால் போனைப் பிடித்துக்கொள்ள முடியாது. இடது கை நடுங்கும். அதனால் பெமிலாதான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கட்டில் ஓரத்தில் நின்று, அவன் கண்ணுக்கு நேராக, கொஞ்சம் சாய்த்து. அந்தப் பெண் அழுதுகொண்டே பேசினாள். பெமிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஷாஜன் முட்டி மோதிச் சொல்லைத் தேடினான்.

"கிரவாத்கா. அக்னோ. ஹோலத்னா. மித்யா."

நீனா பேச்சை நிறுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனோடு எழுந்து நடந்தாள். அந்த வீடு திரையில் ஆடி ஆடிக் கடந்து போயிற்று. பெமிலா பார்த்தாள். அடுப்பில் கெட்டில், சாய்னிக். மேஜை, ஸ்தோல். அதைச் சுற்றி மூன்று நாற்காலி. கதவில் தொங்கும் சாவி, க்ளூச். பழைய ஷ்காஃப் ஒன்று, அதன் கதவில் துவர்த்து. சன்னமாக மழை வழியும் அக்னோ. இவள் ஒருநாளும் காலடி வைக்காத அந்த வீட்டில் எல்லாப் பொருளுக்கும் இவளுக்குப் பெயர் தெரிந்திருந்தது.

அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. நீனா போனைத் திருப்பிக் காட்டினாள். மரச்சட்டம் போட்ட சின்னக் கட்டில் ஜன்னலை விட்டுத் தள்ளி, குளிர் படாத உள்சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. பையன் கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு காது மட்டும் தெரிந்தது. முன்னால் மடிந்த காது. ஜாஸ்மிக்கும் அப்படித்தான்.

ஷாஜன் பார்த்தான். உடம்பு தளர்ந்து தலையணையில் சாய்ந்தது. கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. அவன் நிம்மதியானதைப் பெமிலா அன்றுதான் பார்த்தாள்.

அவள் கை வலித்தது. மற்றக் கைக்கு மாற்றும்போது போன் திரும்பி, அவள் முகம் திரையில் விழுந்துவிட்டது. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

இவளுடைய கசங்கின நைட்டி, தோளில் கிடந்த துவர்த்து, பவுடர் படிந்த முழங்கை எல்லாவற்றையும் நீனா பார்த்தாள். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, ரொம்ப மரியாதையாக, மெதுவாக ஏதோ சொன்னாள்.

ஜாஸ்மி தன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசிக்கவில்லை.

"வாசிட்டி."

"வேண்டாம்மா."

"வாசி."

ஜாஸ்மி வாசித்தாள். போன் எழுதின தமிழ் அது. 'அவரைக் கவனித்துக்கொள்ளும் அந்தச் செவிலியருக்கு என் நன்றியைத் தெரிவிக்கவும்.'

அங்கே, மனைவி என்று ஒருத்தி இருப்பதாகவே அவன் சொல்லியிருக்கவில்லை.

பெமிலா கணவனைப் பார்த்தாள். அவள் யார் என்பதை அந்தப் பாஷையில் சொல்ல அந்த அறையில் ஒருவனால்தான் முடியும். நீனா சொன்னது அவனுக்குப் புரிந்திருந்தது. போர்வையைப் பிசைந்துகொண்டிருந்த இடது கை நின்றுவிட்டது. பெமிலாவின் கண்ணை நேராகப் பார்த்தான். இத்தனை நாள் இருந்த வெறித்த பார்வை இல்லை அது. யார் யார் என்று தெரிந்த பார்வை. வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள்.

அவன் வாயை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

ஜாஸ்மி அழுதுகொண்டே தன் போனில் வேகமாகத் தட்டத் தொடங்கினாள். நீ யாரென்று நான் அவளிடம் சொல்கிறேன் என்றாள்.

"நீ சொல்லாண்டாம் மக்கா," என்றாள் பெமிலா. போனைத் தன் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தாள். "பெண்டாட்டிக்கு அந்தப் பாஷையில என்ன சொல்லுவாவண்ணு மட்டும் பாத்துச் சொல்லு. நான் சொல்லிக்கிடுதேன்."

திரையில் நீனா, கையை நெஞ்சிலிருந்து எடுக்காமல் பதிலுக்குக் காத்திருந்தாள்.